பழைய காருக்கு குரோம் மினுக்கம், பவுடர் கோட்டிங் செலவில்

மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, ஹில்மன் மிங்ஸ் மாதிரி ஒரு பழைய காரை வாங்கியவருக்கு எஞ்சின் பெரிய தலைவலி இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் சாமான் அகப்படும். அகப்படாததை லேத்தில் கொடுத்துக் கடைந்துகொள்ளலாம். டிங்கரிங்குக்கும் மலையகத்தில் நல்ல கைகள் இன்னும் இருக்கின்றன. பையைக் காலியாக்குவது பஃபர் (பம்பர்), வீல் கப், லைட் ரிம், கிரில் என்று வெளியில் மினுங்க வேண்டிய சாமான்கள்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய வண்டிகளுக்கு மவுசு கூடியது. தோட்டத்துக் கொட்டில்களில் வருடக்கணக்காக நின்றவை கைமாறின. எஞ்சின் ஓடுகிறது, பெயிண்டும் பரவாயில்லை, ஆனால் பஃபரைப் பார்த்தால் சொறி பிடித்த மாதிரி இருக்கிறது. இந்த நிலையில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உண்மையான குரோம் ஒரே பூச்சு இல்லை. இரும்பின் மேல் செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியாகக் குரோமியம். அந்தக் குரோமியப் படை ஒரு மைக்ரோன் தடிப்புக்கூட வராது. நாம் பார்த்து மயங்கும் ஆழமான மினுக்கம் பெரும்பாலும் நிக்கலுடையது. அது மங்காமல் காப்பது குரோமியத்தின் வேலை. தொட்டியில் முக்கி எடுப்பதற்குப் போகும் காசைவிட, அதற்கு முன்னால் பழசை உரித்து, துரு தின்ற பள்ளங்களை நிரப்பி, சுழலும் பஃப் சில்லில் பிடித்துக் கண்ணாடியாக்கும் கைவேலைக்குத்தான் அதிகம் போகிறது. பள்ளம் கூடக்கூட விலை ஏறும். அந்தக் கைவேலையைக் குறுக்கிச் செய்து கொடுத்த குரோம், நம் பக்கத்து மழைக்கு ஒரு பருவம் தாங்கினாலே பெரிது.

பவுடர் கோட்டிங் அப்படி இல்லை. அலுமினிய ஜன்னலுக்கும் இரும்புக் கேட்டுக்கும் அடிக்கிறார்களே, அதே முறைதான். உலர்ந்த தூளுக்கு மின்னேற்றம் கொடுத்து இரும்பில் ஒட்டவைத்து, ஓவனில் உருக்கி இறுக்குகிறார்கள். தூளின் நிறம் மட்டும் குரோம் சாயல். இதற்கென்று தனித் தொட்டியோ அமிலமோ தேவையில்லை. கேட் அடிக்கும் கடையே இதையும் அடிக்கலாம். செலவு குறைவதன் காரணம் இவ்வளவுதான்.

ஆனால் இது குரோம் இல்லை என்பதை ஆரம்பத்திலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே நல்ல குரோம் பஃபரைப் பிடித்தால் அந்த லைட்டின் ஓரம், அதன் கம்பி, பக்கத்தில் நிற்கும் உங்கள் முகம் எல்லாம் தெரியும். குரோம் பவுடர் அடித்ததைப் பிடித்தால் லைட் ஒரு வெள்ளைப் பட்டையாகக் கலங்கித் தெரியும், முகம் நிழலாகத்தான் விழும். பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் லேசில் பிடிபடாது. ஏப்ரல் சீசனில் கிரகரி வாவிப் பக்கம் நிறுத்திவைத்தால் நாலு பேர் நின்று படம் எடுப்பார்கள். பழைய கார் விஷயம் தெரிந்தவர் குனிந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். அவருக்கும் சேர்த்துப் பதில் வேண்டும் என்றால் காசு சேர்த்து குரோமே போடுங்கள். தினமும் ஓட்டும் வண்டி, நாலு பேர் பார்க்க லட்சணமாக இருந்தால் போதும் என்றால் மேலே படியுங்கள்.

எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது

எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்டிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு காந்தம் எடுங்கள். பழுதான ஸ்பீக்கரில் இருந்து பிடுங்கியது போதும்.

காந்தம் பிடிக்கிறது, செம்மண் நிறத்தில் துருவும் இருக்கிறது என்றால் அது சாதாரண இரும்பு. முன் பின் பஃபர், அதில் நிற்கும் கொம்புகள், பெரும்பாலான வீல் கப், பல கார்களின் லைட் ரிம் எல்லாம் இந்த இனம். பவுடர் கோட்டிங்குக்கு இவைதான் ஏற்றவை.

காந்தம் பிடிக்கவில்லை, துருவும் இல்லை, வெறும் மங்கல் மட்டும் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ அலுமினியமாகவோ இருக்கும். கண்ணாடியைச் சுற்றிய பீடிங், கதவோரப் பட்டி, பொனட் நடுக்கம்பி இப்படி வரும். சில ஸ்டெயின்லெஸ் வகைகளைக் காந்தம் பிடிக்கவும் செய்யும். அப்போது துரு இருக்கிறதா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இவற்றுக்குப் பவுடர் அடிப்பது வீண்செலவு மட்டுமில்லை, அநியாயமும்கூட. ஸ்டெயின்லெஸ் பட்டியை வாட்டர் பேப்பரால் 400, 800, 1200 என்று படிப்படியாகத் தேய்த்து, பஃப் சில்லில் பிடித்தால் புதுசு மாதிரி வந்துவிடும். அலுமினியமும் அப்படித்தான், ஆனால் அதன் மேல் அனோடைஸ் படை (மின்முறையில் கடினமாக்கிய மேற்படை) இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலை வேர்க்‌ஷொப்பில் வேலை செய்த பழைய ஃபிட்டர் யாராவது ஊரில் இருந்தால் அவரிடம் கொடுங்கள். அந்தக் கைகளுக்கு இது சின்ன வேலை.

மூன்றாவது இனம்தான் வம்பு. கைக்குக் கனமாக இருக்கும், காந்தம் பிடிக்காது, மேலே துருவுக்குப் பதில் சின்னச் சின்ன வெள்ளைக் கொப்புளம் இருக்கும். அது சிங்க் கலப்பு வார்ப்பு. பழைய பிரித்தானியக் கார்களின் கதவுக் கைப்பிடி, சின்னங்கள், நம்பர் பிளேட் லைட்டின் கூடு போன்றவை பெரும்பாலும் இதில்தான் செய்தவை. வார்ப்புக்குள் நுண்ணிய ஓட்டைகள் இருக்கும். ஓவனில் சூடேறும்போது அதற்குள் இருக்கும் காற்றும் பழைய முலாம் தொட்டியின் ஈரமும் வெளியேறி, பூச்சு முழுக்க ஊசிக்குத்தாக நிற்கும். பூச்சுக்கு முன்னாலேயே சாமானை வெறுமையாகச் சூடேற்றி அந்தக் காற்றை வெளியேற்றும் முறை இருக்கிறது. அதைச் செய்து பழகிய கடை என்றால் சரி, இல்லாவிட்டால் இந்த இனத்தை விட்டுவிடுங்கள். கதவுக் கைப்பிடியை நான் எப்படியும் அனுப்பமாட்டேன். மோதிரமும் சாவியும் தினமும் உரசும் இடம் அது. குரோமின் கடினம் பவுடருக்கு வராது, கொஞ்ச நாளில் கீறல் வலையாகிவிடும்.

ஓவனுக்குள் போகக்கூடாத மற்றவை: ரப்பர், பிளாஸ்டிக், ஈயப் பற்று வைத்து ஒட்டிய எதுவும். வழமையான ஈயப் பற்று 183 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும், ஓவன் 200 வரை போகும். பஃபரில் யாராவது கெட்டலோய் போட்டு நெளிவை மறைத்திருந்தால் அதுவும் தாங்காது, முழுதாகச் சுரண்டி எடுக்க வேண்டும்.

முகத்துக்கு முகம் பொருத்தம் பார்ப்பதும் முக்கியம். பவுடர் அடித்த லைட் ரிம்முக்குப் பக்கத்தில் அசல் குரோம் கிரில் இருந்தால் ரிம் செத்துப்போன மாதிரி தெரியும். அதனால் செய்வதைக் கூட்டமாகச் செய்யுங்கள்: முன்பக்கம் என்றால் பஃபர், கொம்பு, ரிம் எல்லாம் ஒன்றாக. அல்லது நாலு வீல் கப்பும் ஒன்றாக. நல்ல நிலையில் இருக்கும் அசல் குரோமைத் தொடாதீர்கள். வீல் கப் நாலில் மூன்று சுகம், ஒன்றுதான் கெட்டது என்றால், அந்த ஒன்றுக்கு வேறு பழையது தேடுவதே புத்தி.

கடையில் என்ன கேட்பது

கண்டிப் பக்கம் போனால் பவுடர் கோட்டிங் கடை கிடைக்கும். உங்கள் ஊரில் கேட், கதிரை செய்யும் வெல்டிங் கடைக்காரரிடம், “பவுடர் எங்க குடுக்கிறீங்க?” என்று கேட்டால் அவரே வழி சொல்வார். கடைக்குப் போனதும் விலையைக் கேட்காதீர்கள். முதலில் ஓவனின் நீளத்தைக் கேளுங்கள். பஃபர் வளைவோடு உள்ளே நிற்க வேண்டும், எங்கும் முட்டக் கூடாது.

அப்புறம் பவுடர் வகை. கதிரை, அலுமாரிக்கு அடிக்கும் தூளில் எபொக்ஸி கலந்திருக்கும். வீட்டுக்குள் அருமையாக இருக்கும், வெயிலில் வைத்தால் சுண்ணாம்பு பூத்து மங்கிவிடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். குளிர் என்பதால் வெயில் சாது என்று நினைக்கிறோம், ஆனால் உயரம் ஏற ஏற புற ஊதாக் கதிர் கூடும். எனவே இப்படிக் கேளுங்கள்: “பாஸ், இது மழையிலயும் வெயிலிலயும் நிக்கிற சாமான். வெளிப் பாவனைக்கு உள்ள பவுடர்தானே? மேல அடிக்கிற நிறமில்லாத கிளியரும் வெளிப் பாவனையா?” பாலியஸ்டர் அல்லது அக்ரிலிக் கிளியர் என்று பதில் வந்தால் நிம்மதி. பெட்டியைக் காட்டச் சொல்வதில் தப்பில்லை. எத்தனை பாகையில் எத்தனை நிமிடம் என்பது பெட்டியிலேயே அச்சாகியிருக்கும்.

கிளியர் கோட் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏமாற்றம் பிறப்பது இங்கேதான். குரோம் பவுடரின் மினுக்கம் அலுமினியத்தின் மெல்லிய செதில்களால் வருகிறது. உருகும்போது அவை மேலே மிதந்து வந்து, கூரைத் தகடு போலப் பக்கத்துக்குப் பக்கம் படுத்துக்கொள்கின்றன. மேலே எந்தப் பூச்சும் இல்லாமல் பார்த்தால் அசந்துபோவீர்கள். ஆனால் அப்படியே விட்டால் கை பட்ட இடமெல்லாம் ரேகை விழும், மழை ஈரத்தில் செதில் கறுக்கும். கிளியர் அடித்தால் பாதுகாப்பு, ஆனால் உருகும் கிளியர் அந்தச் செதில் வரிசையைக் கொஞ்சம் குலைத்துவிடும்; மினுக்கம் ஒரு படி இறங்கி, சாம்பல் சாயல் ஏறும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. காரின் வெளிச் சாமானுக்குக் கிளியர் கட்டாயம் வேண்டும். கடையில் தொங்கும் மாதிரி கிளியர் இல்லாததாக இருக்கலாம், அதைப் பார்த்து முற்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு சண்டை பிடிப்பதில் பலனில்லை.

அதனால் மாதிரி ஒன்று செய்து கேளுங்கள். உள்ளங்கை அளவு இரும்புத் தகடு, பாதிக்குக் கிளியரோடும் பாதிக்கு இல்லாமலும். சின்னதாக ஏதாவது காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். அதைக் கடைக்குள்ளே பார்க்காமல் வெளியே கொண்டுவந்து, மேகம் மூடிய வெளிச்சத்தில் காருக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். நம் ஊரில் கார் பெரும்பாலும் அந்த வெளிச்சத்தில்தான் நிற்கப்போகிறது.

வேலை நடக்கும் வரிசை

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கமும் ஃபோனில் படம் எடுங்கள். பஃபர் போல்ட்கள் துருவில் இறுகியிருக்கும். முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிட்டால் காலையில் தலை உடையாமல் வரும். பழைய போல்ட்டைத் திரும்பப் பாவிக்கும் எண்ணம் வேண்டாம், ஸ்டெயின்லெஸ்ஸில் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். நெளிவு இருந்தால் டிங்கர் பாஸிடம் கொடுத்து இப்போதே எடுத்துவிட வேண்டும். பூச்சுக்குப் பிறகு ஒரு தட்டுத் தட்டினாலும் வெடிக்கும்.

பழைய குரோமை எடுப்பது அடுத்தது. உரிந்துகொண்டு நிற்கும் குரோமின் மேல் பவுடர் அடித்தால் இரண்டும் சேர்ந்து உரியும். உரியாமல் வழவழப்பாக இருக்கும் குரோமிலும் பவுடர் சரியாகப் பிடிக்காது, அதைச் சொரசொரப்பாக்க வேண்டும். காற்றழுத்தத்தில் மணலை வீசி உரிக்கும் சேண்ட் பிளாஸ்டிங்தான் நேர்வழி. மெல்லிய மணல் கேட்க வேண்டும். முரட்டு மணலால் அடித்தால் அந்தக் குழிகள் குரோம் பவுடருக்குள்ளால் அப்படியே தெரியும், வீல் கப் மாதிரி மெல்லிய தகடு நெளியவும் கூடும். கிரைண்டரில் உலர்வாகத் தேய்த்துக் குரோம் தூசியைச் சுவாசிப்பது நல்லதில்லை. தேய்த்தே ஆக வேண்டும் என்றால் நல்ல மாஸ்க் போட்டு, வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேயுங்கள். அமிலம் வாங்கி வீட்டுப் பின்பக்கம் குரோமைக் கரைப்பது வேண்டவே வேண்டாம். அந்தக் கழிவை ஊற்ற நமக்கு இடமில்லை. கீழே ஓடும் ஓடையில் இன்னொரு லயத்துக்காரர் குடிதண்ணீர் பிடிப்பார்.

இனி மலையகத்துக்கே உரிய சிக்கல். பிளாஸ்டிங் முடிந்த இரும்பு வெள்ளி மாதிரி இருக்கும். பனிமூட்டக் காற்றுப் பட்டால் சில மணி நேரத்திலேயே மெல்லிய மஞ்சள் துரு ஏறிவிடும். கண்ணுக்குச் சாயல் போலத் தெரியும், விரலால் தடவினால் நகக்கண்ணில் ஒட்டும். அதன்மேல் பூச்சுப் போட்டால் அடியில் இருந்து அது தன் வேலையைக் காட்டும். ஹட்டனில் பிளாஸ்டிங் செய்துவிட்டு மறுநாள் பஸ்ஸில் கண்டிக்குக் கொண்டுபோகும் திட்டம் சரிவராது. நுவரெலியாவில் இருந்து றம்பொடை வளைவுகளால் இறங்கினாலும் கண்டிக்கு 75 கிலோமீற்றருக்கு மேல் வரும், வழி முழுக்க ஈரக்காற்று. பிளாஸ்டிங்கும் பூச்சும் ஒரே இடத்தில், ஒரே நாளில் நடக்க வேண்டும். அல்லது பிளாஸ்டிங் கடையிலேயே ப்ரைமர் (அடிப்பூச்சு) ஏற்றிவிட வேண்டும். அந்த ப்ரைமர் ஓவன் சூட்டைத் தாங்குமா என்று பவுடர் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். வெறுங்கையால் தொடவும் கூடாது, கை எண்ணெயே போதும் பூச்சு தூக்க.

நேரமும் பாருங்கள். ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கத்தவர்கள் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் மழையைத் தவிர்த்து, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடித்தால் நல்லது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காற்றுத்தான்.

பூச்சில் நான் சொல்லும் வரிசை மூன்று படை. முதலில் பளபளக்கும் கறுப்பு. நல்ல குரோம் சாயலுக்கு அடித்தளம் வழவழப்பாக இருக்க வேண்டும், கறுப்பு அந்த மினுக்கத்துக்கு ஆழமும் கொடுக்கும். துருப் பள்ளங்களை இந்தப் படை கொஞ்சம் மூடும், முழுதாக மூடாது. இறுகியதும் 600 அல்லது 800 வாட்டர் பேப்பரால் தோடம்பழத் தோல் மாதிரியான மேடுபள்ளம் போகும்வரை தேய்த்து, கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். பல கடைகளில் இந்தத் தேய்ப்பைச் செய்யமாட்டார்கள். நீங்களே போய்த் தேய்த்துக் கொடுக்கிறேன் என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். வேலையின் அழகு பாதி இதில்தான் இருக்கிறது.

அதன்மேல் குரோம் பவுடர், மெல்லிசாக. ஏற்கெனவே ஒரு படை இருப்பதால் மின்சாரம் சரியாகக் கடத்தாது. தூள் அடிக்கும் துப்பாக்கியின் வோல்ட்டேஜைக் குறைக்காமல் அடித்தால் தூள் தள்ளுப்பட்டுச் சொரசொரப்பாகும். வளைந்த உட்பக்கங்களில் தூள் போகத் தயங்குவதும் வழமை, பஃபர் கொம்பின் இடுக்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசியில் கிளியர். ஒரு படைக்கு 60 முதல் 80 மைக்ரோன் வைத்தால், மூன்றும் சேர்ந்து கிட்டத்தட்ட கால் மில்லிமீற்றர் வரும்.

ஓவன் விஷயத்தில் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்லிவையுங்கள்: பெட்டியில் போட்டிருக்கும் 180 அல்லது 200 பாகை என்பது இரும்பின் சூடு, ஓவன் காற்றின் சூடு இல்லை. தடித்த பஃபர் அந்தச் சூட்டுக்கு வர, வீல் கப்பைவிட நேரம் எடுக்கும். இரண்டையும் ஒன்றாகத் தொங்கவிட்டு ஒரே நேரத்தில் எடுத்தால் பஃபர் வேகாமல் நிற்கும், அல்லது வீல் கப்பின் கிளியர் மஞ்சளாகும். மடித்த ஓரம் உள்ள லைட் ரிம்மில் மணலும் தண்ணீரும் ஒளிந்திருக்கும். அதைப் பூச்சுக்கு முன் ஒருமுறை வெறுமையாகச் சூடேற்றித் தட்டி எடுக்க வேண்டும்.

கொக்கி மாட்டும் இடத்தில் பூச்சு இருக்காது, அதனால் பின்பக்கப் போல்ட் ஓட்டையை நீங்களே காட்டிக் கொடுங்கள். திருகுப் புரி உள்ள இடங்களை அடைக்கச் சொல்லுங்கள். பஃபரின் உள்முகத்துக்கும் கட்டாயம் பூச்சு வேண்டும், சேறு தேங்கித் துரு ஆரம்பிப்பது அங்கிருந்துதான். “பின்னால யாருக்குத் தெரியப்போகுது” என்று பாஸ் சொன்னாலும் விடாதீர்கள்.

மாட்டும்போதும் பிறகும்

வாங்கியதும் அன்றைக்கே முறுக்கி மாட்டாதீர்கள், ஒரு நாள் விடுங்கள். போல்ட்டுக்கு அடியில் நைலோன் அல்லது ரப்பர் வாஷர் போடுங்கள். இரும்பு வாஷர் சுழன்றால் பூச்சைக் கிழித்துக்கொண்டே இறங்கும். கால் மில்லிமீற்றர் கூடியிருப்பதால் லைட் ரிம் இறுக்கமாக உட்காரும். சுத்தியலால் தட்டாமல், உட்கார வேண்டிய ஓரத்தில் மட்டும் மெதுவாகத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். தேய்த்த இடத்தில் கொஞ்சம் மெழுகு. வீல் கப்பைப் பிடிக்கும் கிளிப் உரசும் இடத்திலும் கிரீஸ் தடவிவிடுங்கள்.

கழுவச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். குரோமுக்குப் போடும் பொலிஷ், ரப்பிங் கொம்பவுண்ட் எதுவும் வேண்டாம், கிளியரைக் கீறி மங்கலாக்கிவிடும். தின்னரும் பிரேக் எண்ணெயும் பட்டால் உடனே துடைத்துக் கழுவ வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை கார் மெழுகு பூசினால் மழைத்துளிக் கறை நிற்காது.

கல் பட்டு ஓரிடம் தெறித்தால் அதை மட்டும் தனியாகத் திருத்த வழியில்லை. சில்வர் பெயிண்ட் தொட்டு வைத்தால் துரு நிற்கும், நிறம் ஒத்துவராது. முன் பஃபரின் கீழ் ஓரத்தில் அப்படி ஒன்றிரண்டு வருவதைப் பொருட்படுத்தாமல் தொட்டு வைத்துக்கொண்டே ஓட்டலாம். முகம் முழுக்கப் பரவினால் அந்தச் சாமானை மட்டும் கழற்றி, உரித்து, மறுபடி அடிக்க வேண்டும். அதே பெட்டிப் பவுடர் அப்போது கிடைக்காமல் போகலாம், சாயல் மாறும். அதனால் முதல்முறை அடிக்கும்போதே பவுடரின் பெயரையும் இலக்கத்தையும் பெட்டியில் இருந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.